வாய்க்கு நேரே ஓர் ஓட்டை

கடைகடையாக ஏறி, எடைக்கல்லும் தராசும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து முத்திரை குத்துவது அவருடைய உத்தியோகம். அதனால் தராசு என்றே அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது. முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் பட்டம் கொடுத்த மாதிரி வாங்கிக்கொள்வார். மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறைதான் அவள் கடை. அந்த அறையில் சுவரோடு சுவராக நீளமான வெட்டுமேசை ஒன்று உண்டு. உண்டு என்று சொல்வது தப்பு, இருந்தது. இப்போது அதன் மேல் கிடப்பது தராசின் சைக்கிள்.

அது சாதாரண சைக்கிள் இல்லை. மல்லாந்து படுத்து, காலை முன்னால் நீட்டி மிதிப்பது. இரண்டு பழைய சைக்கிள்களை அறுத்து அவரே பற்றவைத்துச் செய்தது. படுத்தால் காற்று நெஞ்சில் முட்டாதாம், மேலோடு தடவிக்கொண்டு போய்விடுமாம். இப்படி வீட்டிலேயே செய்த வண்டிகளுக்கு ஞாயிறு காலையில், கிடங்குகளைச் சுற்றி ஓடும் சாலையில் ஒரு பந்தயம் உண்டு. ஒவ்வொருவராகக் கிளம்பி ஒரு சுற்று சுற்றி, கிளம்பிய கோட்டுக்கே திரும்ப வேண்டும். யாருக்கு நேரம் குறைவோ அவர் ஜெயித்தவர். பரிசு கிடையாது. தோற்றவருக்கு வயிற்றெரிச்சல் மட்டும் உண்டு.

ஒவ்வொரு முறையும் ஜெயித்தவர் பல் டாக்டர். "அடுத்த தடவை பார்க்கலாம் சார்" என்று எல்லாப் பல்லும் தெரியச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை வீடு வரை சுமந்து வந்து, தராசு மறுபடியும் வண்டியை மேசை மேல் கிடத்துவார்.

"அந்த டாக்டரை ஒரே ஒரு தடவை ஜெயிச்சுட்டேன்னு வை, மறுநாளே மேசை உன்னுது" என்பது அவர் கொடுத்த வாக்கு. அதை நம்பித் தையல்காரி தரையில் முழங்கால் போட்டுத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். முழங்கால் இரண்டும் கன்றிப்போயின. ஒரு கல்யாணப் பெண்ணின் வெள்ளை உடுப்பில் செயின் எண்ணெய் பட்டு, முழுவதையும் மறுபடி தைத்துக் கொடுத்தாள். ஆகவே தராசு ஜெயிக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அவள்தான். புருஷன் மேல் ஆசையால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மேசை மேல் ஆசை.

முதலில் அவர் எடையைக் குறைத்தார். பிரேக் பிடியில் துளை போட்டார், பெடலில் துளை போட்டார், துளை போட இடம் தீர்ந்ததும் மணியைக் கழற்றி எறிந்தார். கால் ரோமத்தை மழித்தார்.

"வயித்தைக் கொஞ்சம் குறைச்சா இதைவிட லேசாகுமேங்க" என்றாள் அவள்.

"நாம வண்டியைப் பத்திப் பேசிட்டிருக்கோம்" என்றார் அவர்.

பிறகு இருக்கையைச் சாய்த்தார், இன்னும் சாய்த்தார். கடைசியில் சாலையையே தம் இரண்டு முழங்காலுக்கு நடுவில் எட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. அந்தச் சந்திலும் வயிறு பாதியை அடைத்துக்கொண்டது. டாக்டர் அப்போதும் சிரித்தார்.

கடைசி ஆயுதம், கூடு. மெல்லிய குழாய்களை விலா எலும்பு மாதிரி வளைத்துக் கட்டி, மேலே நீச்சலுடைத் துணியை இழுத்துப் போர்த்தினார். போர்த்தினார் என்றால், தைத்தவள் அவள். முகத்துக்கு நேரே பிளாஸ்டிக் ஜன்னல், வாய்க்கு நேரே மூச்சு விட ஓர் ஓட்டை, பக்கத்தில் ஏறி இறங்க ஒரு ஜிப். தராசு அந்த ஜிப்பைப் பிரித்தெடுத்து எடை பார்த்தார். பாவம், உத்தியோகப் புத்தி.

"அடேயப்பா! இவ்வளவு எடையை யார் இழுக்கிறது? நான் உள்ள போனதும் நீயே தைச்சுடு. வந்ததும் பிரிச்சுடு."

அன்றிலிருந்து கிழிந்த தலையணையைத் தைப்பது போலப் புருஷனை உள்ளே வைத்துத் தைப்பது அவள் வேலையாயிற்று.

கூட்டுக்குள் இருப்பவரால் காலைத் தரையில் ஊன்ற முடியாது. கிளம்பும்போது ஒருவர் பிடித்துத் தள்ளிவிட வேண்டும், திரும்பும்போது ஒருவர் கூடவே ஓடிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி சாயும். ஒத்திகையில் அவள் பதறிப்போய்க் கோட்டுக்கு முன்னாலேயே பிடித்துவிட்டாள். தராசு குதித்தார், அதாவது உள்ளே இருந்தபடி கூட்டை ஆட்டினார்.

"உன்னை யாரு பிடிக்கச் சொன்னா? நான் 'பிடி'ன்னு சொன்னாத்தான் பிடிக்கணும். சொல்லாம கை வச்சே, பார்த்துக்கோ!"

"சரிங்க."

"என்ன சரி? திருப்பிச் சொல்லு."

"நீங்க சொன்னாத்தான் பிடிக்கணும்."

பந்தயத்துக்கு முந்தின நாள் அவர் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, வாய் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். "காத்து இங்கதான் மாட்டுது. இதை அடைச்சுடு. மூச்சுக்குக் கீழே சக்கரத்துப் பக்கம் வழி இருக்கு." அவர் வாயை மூடும் வேலையை அவரே கொடுத்தால் எந்தப் பெண்டாட்டி வேண்டாம் என்பாள்? ஒட்டுத் துணி வைத்து, இரட்டைத் தையல் போட்டாள். வீட்டில் அவ்வளவு சந்தோஷமாக அவள் தைத்து வெகுநாளாயிற்று.

மறுநாள் டாக்டர் முதலிலேயே ஓடி முடித்து, மற்றவர்களுக்கு நேரம் பார்க்கக் கடிகாரத்துடன் கோட்டருகே நின்றார். தையல்காரி தராசைத் தைத்தாள், பிடித்தாள், தள்ளினாள். கூடு வழுக்கிக்கொண்டு போய்க் கிடங்கு மூலையில் மறைந்தது. 'கடவுளே, மேசை' என்று முணுமுணுத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அந்தப் பக்க மூலையில் கூடு தெரிந்தபோது டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல உதட்டுக்குள் போயிற்று. வண்டி கோட்டைத் தாண்டியது. தாண்டிக்கொண்டே இருந்தது. தையல்காரி கையை நீட்டியபடி கூடவே ஓடினாள், அந்த ஒரு வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு. உள்ளே ஏதோ முனகல். ஜன்னல் அவர் மூச்சாலேயே வெள்ளை பூத்துக் கிடந்தது. கூடு இப்படியும் அப்படியும் ஆடியது.

"பிடிம்மா!" என்று டாக்டர் கத்தினார்.

"அவர் சொல்லணும் டாக்டர்!"

அதற்குள் சாலை திரும்பிவிட்டது. வண்டி திரும்பவில்லை. நேராகப் போய் ஓரத்துச் சேற்றுப் பள்ளத்தில் தலைகுப்புறக் கவிழ்ந்தது. டாக்டரை ஜெயித்த தராசு, ஜெயித்த கையோடு மண்ணைக் கவ்வினார்.

அவளுக்கு உயிரே போய்விட்டது. அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. செருப்பை உதறிப் பள்ளத்தில் இறங்கி, கூட்டைப் புரட்டி, இடுப்பிலிருந்த கத்திரியால் வாய்க்கு நேரே போட்ட ஒட்டுத் துணியை வெட்டி எடுத்தாள். ஓட்டை வழியே உதடு தெரிந்தது. மீசையில் சேறு.

"என்னங்க! அடி பட்டுச்சா? பேசுங்க!"

"டைம் என்ன?" என்றது உதடு.

மேலே நின்ற டாக்டர், தம் பல்லையே யாரோ பிடுங்கின மாதிரி, "ஜெயிச்சுட்டீங்க சார்" என்றார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முன்னறையும், அதில் வெறுமையாகக் கிடக்கும் மேசையும் கண்முன் வந்தன. பக்கத் தையலைப் பிரிக்கக் கத்திரியை வைத்தாள்.

"நான்தான் சொன்னேனே!" என்றது உதடு. "கூட்டோட வாலை மட்டும் இன்னும் கொஞ்சம் நீட்டினா, என்னை யாராலயும் பிடிக்க முடியாது. வீட்டுக்குப் போனதும் மேசை மேல போட்டு..."

கத்திரி நின்றது. இதற்காகவா இத்தனை நாள் தரையில் தவழ்ந்தோம் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. அவள் கத்திரியை இடுப்பில் செருகினாள். ரவிக்கையில் எப்போதும் நூலோடு குத்தியிருக்கும் ஊசியை உருவினாள். வெட்டி எடுத்த ஒட்டுத் துணியைச் சேறு போகத் துடைத்து, மறுபடி ஓட்டையில் வைத்து ஒரு மூலையில் ஊசியை ஏற்றினாள்.

"ஏய், என்ன பண்றே?"

"காத்து மாட்டுதுங்க" என்றாள். அடுத்த தையலையும் போட்டாள்.

"அய்யோ, நிறுத்து! மேசை உன்னுது! உன்னுதுதான்!"

"என்ன சொன்னீங்க? கேட்கலை. திருப்பிச் சொல்லுங்க" என்று நூலை இழுத்தாள்.