அணியத்துப் பெயர்

மூன்று கை மாறி என்னிடம் வந்த மீன்பிடி வள்ளம் அது. முன்னால் யார் யார் வைத்திருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. மரம் நல்ல மரம், அது போதும் என்று வாங்கிவிட்டேன். கேட்டிருக்க வேண்டும்.

போன வருஷம் பெயிண்ட் அடிக்கக் கரையேற்றினோம். தெரேஸ்புரம் கரையில் அதற்கு ஒரு முறை உண்டு. பழைய பெயிண்டை மரம் தெரியச் சுரண்டி, நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவிக் காயவிட வேண்டும். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் வைத்துத்தான் பெயிண்ட். வழவழவென்று கிடக்கிற பழைய பெயிண்டின் மேல் புதுசை அடித்தால் ஒட்டாது. உரிந்து, தண்ணீர் இறங்கி, மரம் கெட்டுப்போகும். இதில் சோம்பல்பட்டவர்களை நானே வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன்.

வள்ளத்தின் முன்பக்கத்தை, அணியத்தை, சுரண்டிக்கொண்டிருந்தேன். பச்சை போனது, சிவப்பு போனது. அதற்கும் அடியில் மஞ்சளில் ஓர் எழுத்து தெரிந்தது. 'லா'. லீலாவோ கமலாவோ, எவனோ மயங்கிக் கிடந்திருக்கிறான் என்று சிரித்துக்கொண்டே மிச்சத்தையும் சுரண்டினேன். விஜிலா என்று வந்தது.

விஜிலா என் பெண்டாட்டி.

மத்தியானம் சோறு கொண்டுவந்தவளைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

"ஏளா, இது யாரு எழுதுனது?"

குனிந்து பார்த்தாள். "எபனேசரா இருக்கும். அப்ப வள்ளம் வச்சிருந்தாவ, என்னையப் பொண்ணு கேட்டு வந்தாவ. வேற சபைன்னு அப்பா குடுக்கமாட்டேன்னுட்டாவ, அதோட முடிஞ்சிபோச்சி. இப்ப மஸ்கட்ல பிள்ளகுட்டியோட இருக்காவளாம். வள்ளத்துல எம்பேர எழுதுனது எனக்கே தெரியாது."

பொய் சொன்னால் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். அன்று நேராகப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் மறுபடியும் அந்த எழுத்தைப் பார்த்தபோது உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. அவளுக்குச் சேலை எடுத்திருக்கிறேன், கம்மல் வாங்கியிருக்கிறேன். ஒன்றுக்காவது அந்தச் சிரிப்பு வந்ததா? அவள் பெயரை எங்கேயாவது எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல், அவனுக்கு ஏன் தோன்றியது?

எழுத்தின் மேல் உளியை வைத்தேன். சொந்தப் பெண்டாட்டி பெயரைச் சுரண்டக் கை வரவில்லை. விட்டுவைக்கவும் மனசு வரவில்லை. அப்படியே அதன் மேல் நீலத்தை அப்பினேன்.

"தேய்க்காமலா அடிக்கிய?" என்றாள்.

"பேசாம போளா."

மழைக்காலம் வருவதற்குள் அந்த இடம் கொப்புளித்தது. மற்ற இடத்தில் எல்லாம் நீலம் சிக்கென்று பிடித்திருக்க, எழுத்தின் மேல் மட்டும் உரிந்து, விஜிலா என்று பளிச்சென்று நின்றது. அதுவும் பங்குச் சாமியார் வள்ளங்களை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த அன்றைக்கு.

என் இஞ்சினைப் பழுது பார்க்கும் வேல்ராஜ்தான் முதலில் கத்தினான். "ஏலே சிலுவை! பொண்டாட்டி பேர அணியத்துல எழுதிவச்சிருக்க, சொல்லவே இல்லையலே!"

கரையே திரும்பிப் பார்த்தது. பெண்கள் தங்கள் புருஷன்மாரை முறைத்தார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்தபடி, "நீதான் எழுதுனியாப்பா?" என்றார்.

விஜிலா தலையைக் குனிந்துகொண்டாள். நான் இல்லை என்றால், பிறகு யார் என்று கேட்பார்கள். அவள் பெயர் ஊர் வாயில் கிடந்து அரைபடும்.

"நான்தான் சாமி," என்றேன்.

இந்த வருஷம் விடவில்லை. அவன் எழுத்தை மரம் தெரியத் தேய்த்து எடுத்தேன். கழுவி, காயவைத்து, பிரைமர் வைத்து, முறை எதுவும் தப்பாமல் நீலம் அடித்தேன். அதன் மேல் மஞ்சளில் என் கையாலேயே விஜிலா என்று எழுதினேன். அவளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன்.

வேல்ராஜ் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"இதென்னலே, கோழி கிண்டுன மாதிரி இருக்கு? போன வருசம் நீ எழுதுனது எம்புட்டு அழகா இருந்துச்சி!"

விஜிலா சிரிக்கிறாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.