கிருபாபாயின் கோடை அட்டை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது, ஒளிப்பானேன்? கோடை விடுமுறையைப் பயனுள்ளதாகக் கழிப்பது எப்படி என்று ஒரு சபை மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். வாசிப்பு, தேகப்பயிற்சி, கைவேலை, அளவாகத் தொலைக்காட்சி என்று நாலு பத்தி எழுதினால் போதுமாம். முதல் பத்தியிலேயே கிருபாபாய் ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

2

சித்தூரில் அந்த மே மாத வெயில்

(வெயிலில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை. விட்டுவிட்டேன்.)

எண்பத்தைந்தாம் வருடம். கிருபாபாய்க்குப் பதினேழு வயது. அப்பா ஜெபதாஸ் கோயில்பிள்ளை. கதவு திறந்து, பெருக்கி, மணியடிப்பவர். அவர்களுடைய தமிழ்ச் சபையில் பிள்ளைகளுக்குக் கோடை அட்டை கொடுப்பார்கள். வாசிப்பு, தேகப்பயிற்சி, கைவேலை மூன்றும் தினமும், ஆராதனை ஞாயிறுதோறும் என்று அதில் குறித்துவர வேண்டும். மாதக் கடைசி ஞாயிறு அட்டையைக் கோயிலில் சத்தமாகப் படிப்பார்கள். பிள்ளையின் அப்பா எழுந்து "நான் சாட்சி" என்று சொன்னால்தான் செல்லும். நிரம்பிய அட்டைக்குத் திருப்பதி வாலிபர் முகாமில் இடம். அங்கே ஒரு சாயங்காலம் கல்லூரி மாடியில் தொலைநோக்கி வைத்துச் சனிக்கிரகத்தின் வளையத்தைக் காட்டுவார்கள்.

அவளுக்கு அந்த வளையத்தைப் பார்க்க வேண்டும். கதையில் வேறு ரகசியம் இல்லை.

காலையில் பள்ளி மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடினாள். இருபத்திரண்டு புத்தகம் படித்தாள். தலையணை உறையில் எல்லாரும் ரோஜாப்பூ போட, இவள் விண்கலம் தைத்தாள். ஞாயிறு ஒன்பதரைக்கு எதிர்வீட்டுத் தாட்சாயணி வீட்டு டி.வி.யில் விண்வெளித் தொடர். இந்தி, ஒரு வார்த்தை புரியாது.*

* அதில் வரும் கலம் அட்டைப்பெட்டியில் செய்தது என்பது எனக்கே தெரிந்தது. அவளுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

3

ஒரே கோயில், இரண்டு சபை. ஏழு மணிக்குத் தமிழ் ஆராதனை, ஒன்பதரைக்குத் தெலுங்கு. மே மாதம் மூன்றாம் ஞாயிறு மட்டும் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். அன்று தமிழ் ஆராதனை நடக்கும் அதே ஒன்பதரைக்குத்தான் தொடரின் கடைசிப் பாகம். கிருபாபாய் ஏழு மணிக்கே தெலுங்கு ஆராதனைக்குப் போனாள். பாட்டுப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்ததே ஜெபதாஸ்தான். போதகர் வேறு, பைபிள் அதேதான்.

கடைசி ஞாயிறு. சபைச் செயலாளர் எர்னஸ்ட் தன் அக்கா மகன் அட்டையைப் படித்தார். ஒரு மாதத்தையும் ஒரே சாயங்காலத்தில் ஒரே பேனாவால் நிரப்பியிருந்தான் அவன். அவன் அப்பா எழுந்து, "நான் சாட்சி" என்றார். அதுவும் செல்லுமாம்! எழுதும்போதே வயிறு எரிகிறது.

அடுத்தது இவள் அட்டை. எழுந்து நின்றாள்.

"மூணாம் ஞாயித்துக்கிழமை தமிழ் ஆராதனைக்கு நீ வரலியே?" என்றார் எர்னஸ்ட்.

"தெலுகு ஆராதனைக்கு வந்தேன் அய்யா. அப்பறம் டி.வி. பாத்துக்கினு இருந்தேன்."

கோயிலே சிரித்தது. (அந்த டி.வி.யை மட்டும் எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள். எடுத்துப் பார்த்தேன். நிற்பது வேறு யாரோ.)

"இது தமிழ்ச் சபை அட்டைம்மா. அது சேராது."

"ஏன் அய்யா, ஆண்டவருக்குத் தெலுகு வராதா?"

சிரிப்பு நின்றது. எர்னஸ்டின் காது சிவந்தது.

"வாய் நீளுது. முதல்ல நீ வந்தியான்னே யாருக்குத் தெரியும்? உங்க நைனா எழுந்து சொல்லட்டும், பாக்கலாம்."

ஜெபதாஸின் வேலை எர்னஸ்டின் கையில். அங்கிருந்த எல்லாருக்கும் அது தெரியும்.

4

முடிவு, அ: எர்னஸ்ட் மனம் மாறிக் கண்கலங்கி... மாட்டார். அவரை எனக்குத் தெரியும்.

முடிவு, ஆ: இருபது வருடம் கழித்து அவள் விஞ்ஞானியாகி... வேண்டாம். என்றோ கிடைப்பதைக் காட்டி அன்று பறித்ததை மறக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

முடிவு, இ: கிருபாபாய் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லு நைனா. நீதானே பொஸ்தகம் குடுத்தே?"

ஜெபதாஸ் தனக்கு முன்னிருந்த பெஞ்சின் விளிம்பைப் பிடித்து

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. அவர் எழுந்தால் வேலை போகும், எழாவிட்டால் மகள் போவாள். இரண்டையும் என் தலையில் கட்டாதீர்கள்.

தவிர, அவள் ஏழு மணிக்கு வந்தது இப்போது அவருக்கு மட்டும் தெரிந்த விஷயமில்லை. உங்களுக்கும் தெரியும். கிருபாபாய் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். நீங்களும் உட்கார்ந்துதான் இருக்கிறீர்கள்.