நாலு மூலை மஞ்சள்

தேய்க்கத் தேய்க்கச் சிவப்பாகிக்கொண்டே வருகிறது, ரயில் கழிப்பறையின் சின்னத் தகரத் தொட்டிக்கு மேலே ஒரு கையால் தாளைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஈரக் கைலேஞ்சியில் கைகழுவும் சவுக்காரம் தொட்டுத் தொட்டு அந்த மூலையைத் தேய்க்கிறாள் தவமலர், ரயில் குலுங்குகிறது, முழங்கை சுவரில் இடிக்கிறது, மஞ்சளாய் இருந்த கறை மஞ்சளாகவே இருந்துவிட்டுப் போயிருக்கலாம், இப்போது அது சிவந்து பரவி ஊர் அதிகாரி விதானையாரின் முத்திரைக்கு மேலே ஏறி ஊதா எழுத்துகளையும் இழுத்துக்கொண்டு நிற்கிறது, தொட்டியில் தேங்கிய தண்ணீரும் சிவப்பு, ஐயோ கடவுளே, என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறன், கதவுக்கு வெளியே யூட் தட்டுகிறான், மலர், உள்ளுக்கை என்ன செய்யிறீர், அடுத்ததிலை இறங்கவேணும், ஓம் ஓம் வாறன், உங்களுக்கு எப்பவும் அவசரம்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன, ஊரில் எத்தனை கலியாண வீட்டில் ஆராத்தித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தவள், சவுக்காரமும் அதே வேலையைக் காட்டும் என்று அந்தப் பதற்றத்தில் யாருக்கு ஞாபகம் வரும். இது நடந்து எத்தனையோ வருசம், இன்றைக்கு அவளுக்கு ஐம்பத்தாறு வயது, இப்போதும் ரயிலில் கை கழுவினால் கண் தன்பாட்டில் தொட்டித் தண்ணீரின் நிறத்தைப் பார்க்கிறது.

ஊரிலை ஓடிப்போறது சுகம் என்று யூட் சொல்வான், பெட்டையைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டுபோய் மாமி முறையான ஒருத்தி வீட்டில் இறக்கினால் சரி, மூன்று நாள் சத்தம் போடுவார்கள், நாலாம் நாள் சோறு போடுவார்கள், இந்த ஜெர்மனியில் அப்படி ஓட முடியாது, இங்கே ஓடுவதற்கும் கந்தோரில் அலுவலர் நாள் குறித்துத் தரவேண்டும். இரண்டு பேரும் ஒரே உணவகத்தின் குசினியில் வேலை செய்தார்கள், அவன் கோப்பை கழுவுவான், அவள் வெங்காயம் உரிப்பாள், திட்டமெல்லாம் மாவு மூட்டைகளுக்கு நடுவில்தான், ஓடர் எழுதும் துண்டின் பின்பக்கத்தில் அவன் எழுதினான், பிறப்புச் சான்றிதழ், இன்னும் கலியாணம் முடிக்கவில்லை என்ற சான்றிதழ், இரண்டும் மூலப்பிரதியாய் இருக்கவேணும், சாட்சிக்கு இரண்டு பேர், அவள் வாசித்துவிட்டு, ஓடிப்போறதுக்கு இவ்வளவு பேப்பரோ என்றாள். அந்த இரண்டாவது சான்றிதழில்தான் வில்லங்கம், அதை ஊர் விதானையார்தான் கொடுக்கவேண்டும், விதானையாரிடம் போய்க் கேட்டு வாங்க ஊரில் இருக்கும் ஒரே ஆள் அப்பா, ஆக யாருக்குத் தெரியாமல் ஓடப்போகிறாளோ அந்த மனுசனிடமே, அப்பா நான் ஓடப்போறன், ஒரு கடுதாசி எடுத்து அனுப்புங்கோ என்று கேட்கவேண்டும், நினைத்து நினைத்துச் சிரித்தாள், சிரித்து முடிய அழுகை வந்தது.

அழுகை ஏனென்றால், கூடப்பிறந்த அண்ணா பேசிவைத்த கனடா மாப்பிள்ளை ஆவணி இருபதாந் தேதி வந்து இறங்குகிறார், மோதிரம் மாற்றிக் கலியாண எழுத்தும் முடித்துவிட்டுத்தான் போவார், லிங்கம் அண்ணா மண்டபத்துக்கும் சொல்லிவிட்டார். அண்ணா கெட்டவர் இல்லை, சண்டைக்குள் இருந்து அவளை வெளியே எடுத்து, தன் வீட்டில் ஒரு அறை கொடுத்து, குளிருக்குத் தன்னுடைய கோட்டையே வெட்டித் தைத்துக் கொடுத்தவர், அதனால்தான் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. யூட் வேதக்காரன், கிறிஸ்தவன் என்பது அண்ணாவுக்கு ஒரு பங்கு வயிற்றெரிச்சல் என்றால், பாஷையூர்க் கடற்கரை மீன்பிடிக் குடும்பத்துப் பெடியன் என்பது பத்துப் பங்கு, சுழிபுரத்தில் கோயில் காரியதரிசியாய் இருந்தவரின்ரை மகள் கடல்கரைக்குப் போறதோ என்று ஒருநாள் வேறு யாருடைய கதைக்கோ அவர் சொன்னது அவள் காதில் அப்படியே கிடந்தது. பதிவை அவர்களுடைய ஊரில் வைக்கவும் வழியில்லை, அங்கே பதிவு நடக்கும் நகரசபைக் கட்டடத்தில் விடியற்காலையில் தரை துடைப்பவரே அண்ணாதான், ஆகையால் அகதி வழக்கு முடிந்திருந்த யூட் மூன்று மணித்தியால ரயில் தூரத்தில் வேறோர் ஊரில் வேலையும் அறையும் எடுத்துக்கொண்டு போய் விலாசம் பதிந்தான், அவள் அப்பாவுக்கு எழுதினாள், வீசாக் கந்தோரிலை இந்த ரெண்டு பேப்பரும் கேக்கினம் அப்பா, அண்ணா வீட்டுத் தபால்பெட்டி உடைஞ்சுபோச்சு, இந்த விலாசத்துக்கு அனுப்புங்கோ, கீழே யூட்டின் பெயரும் தெருவும். யாழ்ப்பாணத்துக்குப் போன் இல்லாத காலம், ஒரு கடிதம் போய்ப் பதில் வர மூன்று மாதமோ நாலு மாதமோ, கெட்டித்தனமாய் ஒரு பொய் சொன்னேன் என்று அவளுக்கு அன்றைக்குப் பெருமையும் இருந்தது.

அடுத்த பொய்யைச் சொல்ல முடியாமல் போனது. வழக்கு முடியாத அகதி மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது, தாண்டுவதென்றால் வெளிநாட்டார் கந்தோரில் அனுமதித் துண்டு எடுக்கவேண்டும், ஏன் போகிறாய் என்று கேட்டால் வைத்தியரிடம் என்று சொல்வதற்கு வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போனவள் மேசைக்கு முன்னால் இருந்ததும் அத்தனையும் மறந்தாள், மொழி வகுப்பில் படித்த மூன்று வசனம்தான் வாயில் நின்றது, நான் சமைக்கிறேன், நான் துவைக்கிறேன், நான் கலியாணம் முடிக்கிறேன், மூன்றாவதைச் சொல்லிவிட்டாள், பொய் சொல்ல அவளிடம் ஜெர்மன் போதாது. மேசைக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரன் கண்ணாடிக்கு மேலால் பார்த்தான், எழும்பிக் கை கொடுத்தான், மூன்று நாளுக்கு முத்திரை குத்தினான். கூடப் பிறந்த அண்ணனுக்குத் தெரியாத விசயம் இவனுக்குத் தெரிகிறதே என்று வெளியே வந்து மரத்தடியில் நின்று மூக்கைச் சீறினாள்.

ஆவணி ஒன்பது, அண்ணா வேலைக்குப் போனபிறகு, அண்ணி உடுப்புத் தோய்க்கக் கீழே இறங்கிய நேரம், சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கடியில் ஒரு கடிதத்தை வைத்துவிட்டு ஸ்ரேசனுக்குப் போகிறாள், யூட் முதல் ரயிலிலேயே வந்து நிற்கிறான், சட்டைக்குள் உறை, முதல்நாள்தான் வந்ததாம், உம்மடை அப்பாவின்ரை கையெழுத்து, நான் உடைக்கேல்லை என்கிறான். ரயிலில் உடைத்தாள், பிறப்புச் சான்றிதழ் இருந்தது, விதானையாரின் சான்றிதழ் இருந்தது, மேற்படியார் இன்றுவரை விவாகமாகாதவர் என்று ஆங்கிலத்தில் அடித்து, வலது கீழ்மூலையில் முத்திரை, அந்த முத்திரைக்குப் பக்கத்தில் மஞ்சள் கறை. பார் அம்மாவை, கறிக்கு அரைச்ச கையோடை தொட்டிருக்கிறா, மூண்டு மாசம் காத்திருந்து வந்த பேப்பர், கந்தோரிலை என்ன சொல்லுவாங்களோ, அப்பாவின் கடிதத்தைக்கூட ஒழுங்காய் வாசிக்கவில்லை, நலம், அம்மாவும் நலம், விதானையார் இழுத்தடிக்கவில்லை, நல்ல நாள் பார்த்து நானே தபாலில் போட்டேன், எல்லாம் நல்லபடி நடக்கும், அவ்வளவுதான், அதை மடித்து வைத்துவிட்டுச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்கு ஓடியவள்தான்.

பதிவுக் கந்தோரில் இருந்த பெண் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், பிறகு வேறொருத்தியைக் கூப்பிட்டுக் காட்டினாள், மரியாதையாய்த்தான் சொன்னாள், முத்திரை வாசிக்க முடியவில்லை, யாரோ அழித்திருக்கிறார்கள், புதிதாய் ஒன்று கொண்டுவாருங்கள். புதிதாய் ஒன்று வர மார்கழி ஆகும், மாப்பிள்ளை வர இன்னும் பதினொரு நாள். கந்தோர்ப் படியில் இருந்துகொண்டு அவள் அம்மாவைத் திட்டினாள், தன்னைத் திட்டினாள், சவுக்காரம் வைத்த ரயில்காரனையும் திட்டினாள், யூட் தாள்களை மடியில் விரித்து வைத்துக் காயவிட்டான், கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தான், மலர், உம்மடை அம்மா கறிக்கையோடை நாலு மூலையையும் அளந்து தொடுவாவோ என்றான். என்ன உளறுறீங்கள் என்று எட்டிப் பார்த்தாள். சான்றிதழின் நாலு மூலையிலும் மஞ்சள், பிறப்புச் சான்றிதழின் நாலு மூலையிலும் மஞ்சள், கடிதத்தில், உறையில், எல்லாவற்றிலும் ஒரே அளவாய் ஒரு பெருவிரல், தண்ணீரில் குழைத்துத் தொட்டு அழுத்திய பெருவிரல், இவள் சிவப்பாக்கியது ஒன்றைத் தவிர மற்ற மூலையெல்லாம் அப்படியே இருந்தது. யூட்டுக்கு அது விளங்கவில்லை, அவளுக்கு விளங்கிவிட்டது, ஊரில் யார் வீட்டுக் கலியாணக் கடிதம் என்றாலும் அப்பாவின் கைக்குத்தான் வரும், மஞ்சள் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு நாலு மூலைக்கும் தொட்டுத் தொட்டுக் காயப்போடுவார், கலியாணக் காரியம் தவிர வேறெந்தக் கடுதாசிக்கும் அப்படித் தொடமாட்டார், வீசாக் கந்தோருக்குப் போகிற பேப்பருக்கு யாராவது மஞ்சள் தொடுவார்களா. யூட் என்று ஒரு வேதக்காரப் பெயரை விலாசமாய் எழுதி அனுப்பிவிட்டு அப்பாவை ஏமாற்றினேன் என்று இருந்தாளே, விலாசத்தைப் பார்த்த அன்றைக்கே அந்த மனுசனுக்கு விளங்கியிருக்கிறது, விளங்கி, ஒரு சொல்லும் கேட்காமல், நாளும் பார்த்து, மஞ்சளும் தொட்டு அனுப்பியிருக்கிறார். அப்பா, என்ரை அப்பா என்று அவள் படியில் இருந்து வாய்விட்டு அழுதாள், அந்தப் பெருவிரலில் ஒன்றைத் தன் கையாலேயே தேய்த்தாளே என்று இன்னும் அழுதாள், கந்தோருக்குள் போனவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இப்ப என்ன செய்யிறது என்றான் யூட், அண்ணா வீட்டை போவம் என்றாள். உமக்கு விசரோ, உம்மடை கடிதத்தை இப்ப வாசிச்சிருப்பார் என்றான், வாசிக்கட்டும், இனி ஓடத் தேவையில்லை, வாங்கோ. அதே ரயில், அதே மூன்று மணித்தியாலம், அவள் தாளை யாரும் தொடவிடாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இருந்தாள், யூட்டை மாடிப்படியின் அடியில் நிறுத்திவிட்டு ஏறினாள், மேலே கதவு திறந்துதான் கிடந்தது, மேசையில் அவளுடைய கடிதம், முன்னால் அண்ணா, வேலைச் சட்டைகூட மாற்றவில்லை, கண் சிவந்திருந்தது, நிமிர்ந்து பார்த்தார், அவள் அப்பாவின் தாள்களைத் தன் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அண்ணா முதலில் முத்திரையைப் பார்த்தார், பிறகு மூலையைப் பார்த்தார், விரலால் தடவி மணந்து பார்த்தார், ஐந்து வருசத்துக்கு முன் அவருடைய கலியாணப் பேப்பரும் இப்படித்தான் வந்தது, அப்பான்ரை கை என்றார், எனக்கேன் அப்பா எழுதேல்லை. உங்களுக்கு எழுதினா நீங்கள் மாட்டன் எண்டு பதில் போடுவியள், அப்பாவுக்கு மாட்டன் எண்டு எழுதின பாவம் உங்களுக்கு வந்திடும் அண்ணா, எங்கிருந்து அந்தச் சொல் வந்ததோ, சொல்லிவிட்டாள். அண்ணா முகத்தைத் துடைத்தார், கந்தோரில் வெள்ளைக்காரி செல்லாது என்று தள்ளிய தாளை எடுத்துப் பிள்ளையார் படத்தடியில் வைத்தார், கனடாவுக்கு நான் சொல்லுறன் என்றார், பெடியன் எங்கை, கீழை படியிலை, படியிலையோ நிக்க விட்டிட்டு வந்தனி, அறிவில்லையோ, கூப்பிடு.

அந்த மார்கழியில் புதுச் சான்றிதழ் வந்து, முறைப்படி பதிவும் நடந்தது, அந்தக் கந்தோரையோ அன்றைக்கு உடுத்த சேலையையோ அவளுக்கு அவ்வளவாய் ஞாபகமில்லை, கலியாணம் என்று நினைத்தால் ஆவணி ஒன்பதின் பின்னேரம்தான் வருகிறது, அண்ணி தாளைப் பார்த்துவிட்டுக் கேட்கிறா, மற்ற மூலையெல்லாம் வடிவா இருக்கு, இது மட்டும் ஏனடி சிவப்பு, சவுக்காரம் போட்டுத் தேச்சனான் அண்ணி, அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறா, சிரித்தபடியே குசினிக்குள் போகிறா, தட்டில் தண்ணீர் விட்டு மஞ்சளைக் கரைக்கிறா, இந்த ஊரில் சுண்ணாம்புக்கு எங்கே போவது, கைகழுவும் தொட்டியடியில் கிடந்த சவுக்காரத்தை எடுத்துத் தட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றுகிறா, தண்ணீர் சிவக்கிறது, தம்பி, வாசலிலை நில்லுங்கோ, மலர், நீ அவருக்குப் பக்கத்திலை வந்து நில், அண்ணி மூன்று முறை சுற்றுகிறா, தட்டுக்குள் அதே சிவப்பு, ரயில் தொட்டியில் பார்த்த அதே சிவப்பு, அதில் விரல் தொட்டு இரண்டு பேர் நெற்றியிலும் பொட்டு வைக்கிறா, பொட்டு சவுக்காரம் மணக்கிறது, அண்ணா பின்னால் நின்று தொண்டையைச் செருமுகிறார், தங்கச்சி, இதையும் தேய்ச்சுக் கழுவிப்போடாதை.