முப்பத்தோராவது ஆள்

“அறுபத்திரண்டும்மா. நல்லா ஞாபகம் இருக்கு. அறுபத்திரண்டு பாதம்.”

“முப்பது பேருக்கு அறுபதுதானே சார் வரணும்?”

“அதைத்தான் நானும் சொன்னேன். யார் கேட்டாங்க?”

வழிகாட்டிப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். ராணுவச் சிறை அருங்காட்சியகமாகி ஆறு மாதம்தான் ஆகிறது. ‘பேய் நடமாடும் கூடம்’ என்று வாசலிலேயே பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கூடத்தில் காவல் இருந்தவரே ஒருநாள் டிக்கெட்டோடு வந்து நிற்பார் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பழைய காவலருக்குப் பின்னால் சமையற்காரர் நின்றிருந்தார். அதே சிறையில் சமைத்தவர்; காவலருடைய அக்காவைக் கட்டியவர். “போலாம் மாப்ள, பார்த்தாச்சில்ல” என்று இதுவரை மூன்று தடவை சொல்லிவிட்டார்.

“இருங்க அத்தான். தொரத்திக்கிட்டா வராங்க?”

கூடத்தில் இரண்டு வரிசை இரும்புக் கட்டில்கள். கட்டிலுக்கு ஒரு பொம்மை, போர்வைக்கு வெளியே பாதம் மட்டும். கைதி முகத்தை மூடிக்கொள்ளலாம், காலை மூடக் கூடாது என்பது அன்றைய சட்டம். காவலர் விளக்கோடு நடந்து பாதங்களை எண்ணி, பாதியாக்கி, பதிவேட்டில் எழுதுவார். கடைசிக் கட்டில் மட்டும் காலி. அதைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள்.

அந்தப் பெண் மற்றவர்களுக்காகத் தன் பாடத்தைத் தொடர்ந்தாள். “மூணு ராத்திரி ஒரு ஆள் கூடுதலா வந்தது. அதிகாரி வந்து எண்ணினா முப்பதுதான். அந்த முப்பத்தோராவது ஆள், இங்கே செத்த ஒரு கைதியோட ஆவி. அதைப் பார்த்த காவலருக்குப் புத்தி பேதலிச்சு, கொஞ்ச நாள்ல அவரும் செத்துட்டார்.”

“சாகலம்மா,” என்றார் காவலர். “அக்கா வீட்டு மாடியில இருக்கேன்.”

நாலு பேர் சிரித்தார்கள். ஒரு தாய் மட்டும் சிரிக்கவில்லை. காவலர் பக்கத்தில் நின்ற தன் மகளை மெல்ல இழுத்து மறுபக்கம் நிறுத்திக்கொண்டாள்.

சமையற்காரர் அதைப் பார்த்துவிட்டார். முப்பத்து நாலு வருடமாக அவர் வீட்டில் நடப்பதும் இதுதான். ‘மனநிலை சரியில்லை’ என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்து காவலருக்கு வேலை போன நாளிலிருந்து, அவர் மனைவி பிள்ளைகளைத் தன் தம்பியிடம் தனியாக விட்டதேயில்லை. தம்பிக்குப் பேசி முடித்த இரண்டு சம்பந்தங்கள் விஷயம் தெரிந்து கலைந்தன. மனுஷன் யார் மேலும் கோபப்பட்டதில்லை. எதை எண்ணினாலும் இரண்டு தடவை எண்ணுவார், அவ்வளவுதான்.

“மாப்ள, அது நான்தான்.”

“எது?”

“முப்பத்தோராவது ஆள்.” சமையற்காரர் காலிக் கட்டிலைக் காட்டினார். “அந்தக் குளிர்ல என் கொட்டகையில படுக்க முடியல. இந்தக் கட்டில் சும்மா கிடந்துச்சு. பின்னாடி என் அடுப்புச் சுவரு, கதகதன்னு இருக்கும். சாப்பாடு குடுக்கிற கதவு வழியா வந்து படுத்துக்குவேன். நீ வர்ற சத்தம் கேட்டா எல்லாரையும் போல நானும் காலை நீட்டிடுவேன்.”

“அதிகாரி வந்தப்போ?”

“நீ அவரைக் கூப்பிட ஓடினதும் நான் சமையல்கட்டுக்குப் போயிடுவேன்.”

“கைதிங்க யாரும் வாயைத் திறக்கலையா?”

“மறுநாள் ஒரு கரண்டி கூடப் போடுவேன்.”

“முதல் நாளே அவ்வளவு கலாட்டா ஆச்சே. ரெண்டாம் நாள் ஏன் வந்தீங்க?”

“குளிருச்சு மாப்ள.” அதற்கு மேல் அவரிடம் காரணம் இல்லை. “சொன்னா என்னையும் உள்ளே தள்ளியிருப்பாங்க. கல்யாணமாகி ரெண்டே மாசம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு…”

வழிகாட்டிப் பெண் குரலைத் தாழ்த்தினாள். “ஐயா, கொஞ்சம் மெதுவா. பேய் இல்லைன்னா இங்க யாரு வருவா?”

காவலர் கயிற்றைத் தாண்டிப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்றுதான் இருந்திருக்கும், அடுப்பு அணைந்து எத்தனையோ காலமாகிறது.

“அப்ப நான் சரியாத்தான் எண்ணியிருக்கேன்.”

“ஆமா.”

“மூணு நாளும்.”

“மூணு நாளும், மாப்ள.”

காவலர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

“அத்தான், வீட்டுக்குப் போனதும் அக்காவை உட்கார வெச்சு, இதை அப்படியே ஒரு தடவை அவகிட்ட சொல்றீங்களா?”