மத்தாப்பு தேர்ந்தெடுத்த கண்ணாடி

பட்டறையில் அவரை எல்லாரும் மத்தாப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். கிரைண்டரைக் கையில் எடுத்தாரானால் பொறி அப்படிப் பறக்கும். இருபது வருஷமாக ஜன்னல் கம்பியும் கேட்டுச் சட்டமும் தேய்த்துத் தேய்த்து, பெற்றவர்கள் வைத்த பெயரும் கூடவே தேய்ந்து போயிருந்தது.

மத்தாப்புக்கு மூன்று வருஷமாக இடது கண்ணில் பார்வை கிடையாது. இது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்தக் கண் மற்றதோடு சேர்ந்து ஒழுங்காகத் திறக்கும், மூடும், தூக்கம் வந்தால் சொருகும். வேலை மட்டும் பார்க்காது. அப்படிப்பட்டவர்கள் பட்டறையில் இன்னும் இரண்டு பேர் இருந்ததால் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லலாம். ஆனால் அது பொய். விஷயம் வெளியே வந்தால் முதலாளியம்மா கிரைண்டரைப் பிடுங்கிவிட்டு, நட்டு போல்ட்டு பிரிக்கும் மூலையில் உட்காரவைத்துவிடுவாள். அது சின்னப் பயம். பெரிய பயம் வெல்டிங் மேஜைக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தது. மனைவியின் தம்பி. அதே பட்டறையில் வெல்டர். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில்தான் கண் போனது. அப்போது பட்டறையில் கிரைண்டர் இரண்டு, கண்ணாடி ஒன்று. ஆணியில் தொங்கும், முந்தியவன் மாட்டிக்கொள்வான். “என் தம்பியைப் பத்திரமாப் பார்த்துக்கோங்க” என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். மத்தாப்பு முந்திப்போய்க் கண்ணாடியை எடுத்து அவனுக்கு மாட்டிவிட்டு, தான் வெறுங்கண்ணோடு தேய்த்தார். பக்கவாட்டில் வந்தது ஒரு துணுக்கு, கடுகளவு. வீட்டில் தூசி என்றார். தூசி என்று சொன்ன வாயால் அப்புறம் இரும்பு என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் மாப்பிள்ளை தாங்கமாட்டான்.

இன்றைக்குப் பார்த்து, பெட்டியோடு ஒரு கண்ணாடிக்காரர் வந்து மேஜையில் கடை விரித்திருந்தார். அடுத்த தெருப் பட்டறையில் ஒருவர் கண்ணில் கிரைண்டர் டிஸ்க் சிதறி அடித்ததிலிருந்து முதலாளியம்மாவுக்குத் தூக்கமில்லை.

“ஆளுக்கொண்ணு வாங்கப்போறேன். இனிமே ஆணியில தொங்குற கதையே வேணாம்” என்றாள். “மத்தாப்பு, நீங்கதான் மூத்தவர். போட்டுப் பார்த்து எதுன்னு சொல்லுங்க.”

குருடனைக் கூப்பிட்டு ராஜமுழி முழிக்கச் சொன்ன கதையாக இருந்தது. மத்தாப்பு கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

முதலில் மெல்லிசான ஒன்று. “இது போட்டோ பிடிக்கறதுக்கு நல்லாருக்கும். பக்கத்துல திறந்து கிடக்கு பாருங்க. பொறி என்ன வாசல் வழியாத்தான் வருமா? சந்துல புகுந்துல்ல வரும்.”

“மாமாவுக்குத் தெரியாத பொறியா!” என்றான் மாப்பிள்ளை. அவருக்குச் சுருக்கென்றது.

இரண்டாவது முகம் முழுக்க மறைக்கும் ஷீல்டு. “நல்லதுதான். ஆனா தாடைக்குக் கீழ இருந்து எகிறும். கண்ணாடி போட்டு அதுக்கு மேல இதைப் போடலாம். தனியா ஆகாது.”

மூன்றாவது, ரப்பர் விளிம்போடு முகத்தில் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்வது. வட்டவட்டமாக இரண்டு கண்ணாடி. இந்த ரகம்தான் சரி என்று அவருக்குத் தெரியும். இதைக் கண்டுதான் பயமும். வியர்த்தால் ஆவி படியும். மற்றவனுக்கு ஒரு பக்கம் படிந்தால் இன்னொரு பக்கம் இருக்கிறது. அவருக்கு ஒரு பக்கம் படிந்தால் ஊருக்கே கரண்டு போன மாதிரி.

மாட்டினார். இருட்டு.

“கீறல் விழாம இருக்க மேல நீலத்தாள் ஒட்டியிருக்கும் சார். பிச்சிடுங்க” என்றார் கண்ணாடிக்காரர்.

மத்தாப்பு விரலால் தடவிப் பிடித்து இழுத்தார். உலகம் பளீரென்று வந்தது. வந்த சந்தோஷத்தில் பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றினார். டிஸ்க்கில் இருந்த பொடி எழுத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

“இதையே வாங்கிடுங்கம்மா. கண்ணாடி போட்ட மாதிரியே இல்ல. பளிச்சுனு இருக்கு, ரெண்டு பக்கமும்.”

அந்தக் கடைசி இரண்டு வார்த்தை தேவையே இல்லை. பொய் சொல்கிறவனுக்கு எப்போதும் ரெண்டு வார்த்தை கூடத்தான் வரும்.

கண்ணாடிக்காரர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை டீ டம்ளரை வைத்துவிட்டு அவருக்கு இடப்பக்கமாக வந்தான். முகத்துக்கு முன்னால் மூன்று விரலை ஆட்டினான். மத்தாப்பு டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் காதோரம் சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பினால், மாப்பிள்ளையின் கையில் இன்னொரு நீலத்தாள், வட்டமாக, இடது கண்ணாடியிலிருந்து பிய்த்தது.

“மாமா, எத்தனை நாளா?”

“எது?”

“இடது கண்ணு.”

“வயசாகுதுல்ல மாப்ள…”

“தூசின்னு அக்கா சொன்னா. நான் சேர்ந்த வாரம்.” அவன் குரல் இறங்கியது. “கண்ணாடியை எடுத்து எனக்கு மாட்டிவிட்டீங்க.”

முதுகுக்குப் பின்னால் சுவர். வலப்பக்கம் முதலாளியம்மா. எதிரே ஆர்டர் புத்தகத்தோடு கண்ணாடிக்காரர். இடப்பக்கம் வழி இருந்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

முதலாளியம்மா குனிந்து கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். “நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போறீங்க. அவர் சொல்ற வரைக்கும் இதைத் தொடக்கூடாது.”

“இருக்கிறது ஒண்ணுன்னாலும் நல்லாத் தெரியுதும்மா.”

“அதான் தொடாதீங்கன்றேன். இருக்கிறது ஒண்ணு.”

மத்தாப்பு கண்ணாடியைக் கழற்றவில்லை. பார்க்கத் தெரியாத கண்ணும் மற்றதோடு போட்டி போட்டுக்கொண்டு நிறைந்தது.

“ஆவி படியுதா சார்?” என்றார் கண்ணாடிக்காரர் கவலையாக.

“படியுது.”

“இது படியாத ரகமாச்சே!”

இடப்பக்கம் யாரோ நெருங்கி வந்து நிற்பது, தோள் உரசியபோதுதான் மத்தாப்புக்குத் தெரிந்தது.

“அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா மாமா, நான் சொல்லட்டுமா?”

மத்தாப்பு கண்ணாடியின் வாரை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.