அரைக் கிலோ நரம்பு

பிசியோதெரபிஸ்ட் அண்ணனின் வலது காலை நீட்டப் பார்த்தாள். முழங்கால் பாதி தூரம் வந்து, துருப்பிடித்த கீல் போல நின்றுவிட்டது. இன்னொரு முறை அழுத்தினாள். "தினம் மடக்கி நீட்டச் சொல்லிட்டுப் போனேனே, யாருமே செய்யலையா? மூட்டு இறுகிப் போச்சு." தங்கை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அதற்கு அடுத்த வருஷம்தான் அவளுக்கு ஸ்டெம் செல் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. கடைநிலை உதவியாளர். தட்டுகளில் வளரும் செல்களுக்குப் பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதை ஊற்ற வேண்டும், கைக்குழந்தைக்குத் துணி மாற்றுவதுபோல, ஞாயிறென்றும் பாராமல். ஒருநாள் அவை நரம்பு செல்களாக மாறி, ஒன்றையொன்று தேடி நூல் நூலாக நீண்டிருப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அண்ணா, நாங்க நரம்பு வளத்துட்டோம்!"

அத்தி பூத்தாற்போல அண்ணன் சிரித்தான். "எனக்கு ஒரு அரைக் கிலோ கட்டி எடுத்துட்டு வா, பாப்பா."

தட்டிலிருந்து ஒரு மனிதனுக்கு அது வந்து சேர எத்தனை காலமாகும், சேருமா என்பதே யாருக்கும் தெரியாது. சொல்ல வாய் வரை வந்தது. அந்தச் சிரிப்பைக் கலைக்க மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். நாளை நாளை என்றே போயிற்று. அண்ணன் பயிற்சியை நிறுத்தினான். அம்மா காலைத் தொட வந்தால், "விடும்மா, புது நரம்பு வரட்டும்" என்பான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் தங்கை புராணம்தான். அவளும் அதில் கொஞ்சம் குளிர்காய்ந்தாள்.

பிசியோதெரபிஸ்ட் போனதும் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "அண்ணா, அங்க செய்றது உனக்கு இல்ல. பின்னாடி யாருக்காவது உதவலாம். அதுவும் நிச்சயமில்ல. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அண்ணன் போர்வைக்குள் கிடந்த தன் காலைப் பார்த்தான். பிறகு, "லீவு நாள்லகூட ஓடி ஓடிப் போனியே, அந்த செல்லுங்களப் பாத்துக்கவா?" என்றான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். காலைப் பிடிக்கப் போனாள்.

"விடு."

போர்வையை விலக்கினான். முழங்காலுக்கு அடியில் இரண்டு கைகளையும் கோத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, யாரோ முன்பின் தெரியாதவரின் காலைத் தூக்குவதுபோலத் தன் காலைத் தூக்கத் தொடங்கினான்.