மோட்டார் கொட்டகைக் கதிர்

அறுப்பு மெஷின் வரப்பைத் தாண்டிப் போன பிறகுதான் மஞ்சுளாவுக்குக் கதிர் ஞாபகம் வந்தது.

காவாந்தண்டலத்தில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் அது விடாமல் நடக்கிற வழக்கம். கழனியில் மெஷின் இறங்குவதற்கு முன் மாமியார் ஜெகதாம்பாள் ஈசானி மூலையில் நின்று ஒரு கைப்பிடிக் கதிரை அரிவாளால் அறுப்பாள். மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். பொங்கலன்று அந்தக் கதிருக்குப் படைத்த பிறகுதான் புது அரிசியை யாரும் வாயில் வைக்கலாம். அதுவும் சொந்த நிலத்துக் கதிராக இருக்கவேண்டும்.

இந்த வருஷம் ஜெகதாம்பாள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தாள். மார்கழிக் கடைசியில் நெஞ்சு அடைத்துக்கொண்டு விழுந்தவளை மகன் வரதன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். வீட்டில் மஞ்சுளா மட்டும். காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். வரதனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கல்யாணத்துக்கு மாமியார் தலையசைத்தாளே தவிர, மனசு இறங்கியதா என்பது மஞ்சுளாவுக்கு இன்னும் தெரியாது.

போகிக்கு இரண்டு நாள் முன்பு, காலையில் மெஷின் ஓட்டுகிற சேட்டு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, சாயந்தரம் மழை வரும்னு சொல்றாங்க. இப்ப வுட்டா மெஷினு சாலவாக்கம் போயிடும். அறுக்கட்டுமா வாணாமா?"

வரதனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. வானம் மேற்கே கறுத்துக்கொண்டிருந்தது. "அறுங்க" என்று சொல்லிவிட்டாள். மெஷின் திரும்ப முடியாத மூலைகளில் நின்ற பயிரைக்கூட வீணாக்க மனமில்லாமல், இரண்டு பெண்களை வைத்து அறுத்து மெஷினுக்குள்ளேயே போடச் சொன்னாள். நெல் வீடு சேர்ந்து தார்ப்பாய் மூடிய கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

போகியன்று விடிகாலை வரதன் பேசினான். "அம்மாவ வூட்டுக்கு இட்டுக்கினு போலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. மத்தியானத்துக்குள்ள வந்துடுவோம்."

சந்தோஷத்தில் கண் கலங்கியது. அடுத்த நிமிஷமே கதிர் நினைவு குறுக்கே வந்தது. கதிருக்கு என்ன சொல்வது?

பக்கத்துக் கழனிக்காரி தாயாரம்மாளிடம் ஓடினாள். தாயாரம்மாளின் பயிர் மழையில் தரையோடு படுத்துக் கிடந்தது.

"இதுக்கா இப்பிடி அழுவுற? எங்க கயனில ரெண்டு பிடி அறுத்துக்கினு போ. நெல்லு மேல பேரா எய்திகீது?"

மஞ்சுளா அரிவாளோடு இறங்கினாள். சாய்ந்து கிடந்த கதிரைக் கையில் சேர்த்துப் பிடித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவளிடம், நாளைக்குச் சாமி முன்னால், இது நம்முடையது என்று சொல்லவேண்டும். அறுக்கக் கை வரவில்லை. விட்டுவிட்டு வரப்பேறினாள். நடந்ததைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, தங்கள் மோட்டார் கொட்டகை வழியாகத் திரும்பினாள்.

கொட்டகைக்குப் பின்னால், பைப்பில் தண்ணீர் கசிகிற இடத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கொத்து நெற்பயிர் நின்றது. பார்த்ததும் புரிந்துவிட்டது. நடவின்போது மிஞ்சிப்போன நாற்று முடிக் கட்டுகளை அவள்தான் அங்கே கொண்டுபோய்ப் போட்டிருந்தாள். யாரும் நடவில்லை, உரம் வைக்கவில்லை. கசிந்த தண்ணீரிலேயே வேர் பிடித்து, பிந்திக் கதிர் விட்டிருந்தது. பாதிக்கு மேல் பச்சை.

மஞ்சுளா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிறகு எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டு அறுத்தாள்.

மத்தியானம் கார் வந்து நின்றது. மெலிந்துபோயிருந்த ஜெகதாம்பாள் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். சாமி படத்தின் கீழே இருந்த கதிரைக் கையில் எடுத்தாள்.

"நம்ம பயிரு முத்திப் பயுத்துப் போயிருக்குமே. இது இன்னா பச்சையாக் கீது?"

மஞ்சுளா ஒன்றையும் மறைக்கவில்லை. மெஷின் வந்தது, மறந்தது, தாயாரம்மாள் கழனியில் இறங்கியது, வெறுங்கையோடு ஏறியது, கொட்டகைக்குப் பின்னால் இதைக் கண்டது எல்லாம் சொன்னாள். வரதன் இடையில் பேச வாயெடுத்தான். "நீ சும்மா இருடா" என்றாள் ஜெகதாம்பாள்.

ஒரு நெல்லை நகத்தால் கிள்ளினாள். வெள்ளையாகப் பால் கசிந்தது.

"பாலு கட்டிகீது பாரு" என்று மருமகளிடம் காட்டினாள். "ஆஸ்பத்திரில பட்துக்கினு அந்த மய சத்தத்தக் கேட்டேன். போச்சுடா எல்லாம்னு நெனச்சேன். முந்தானேத்து இவன் போன் பேசிட்டு வந்து, மஞ்சுளா மயைக்கு முன்னாலயே அறுத்துட்டாளாம், அம்மான்னான். அப்பறம்தான் தூங்குனேன்."

"கதிர மறந்துட்டேனே அத்த."

"நீ மறந்தா இன்னா, அது நம்மள மறக்கல. தானா மொளச்சி வந்து நின்னுகீது. இதவுட சாமி எது? இத்தத்தான் வெச்சிப் படைக்கணும்."

கதிரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படத்தின் கீழே வைத்தாள். பானையில் கட்ட மஞ்சள் செடி வாங்கியாயிற்றா, கரும்பு எங்கே என்று வரிசையாகக் கேட்டாள். மஞ்சுளா பதில் சொல்லிக்கொண்டே கொண்டுவந்து காட்டினாள்.

"காலையில நாஷ்டா துன்னியா?"

மஞ்சுளா இல்லையென்று தலையாட்டினாள். அப்போதுதான் பசி தெரிந்தது. நேற்று ராத்திரியிலிருந்தே சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை.

"டேய் வரதா, போய் இட்லி வாங்கினு வா. எனக்கும் சேத்து. உப்பில்லாத ஆஸ்பத்திரிக் கஞ்சி குட்ச்சிக் குட்ச்சி நாக்கு செத்துப்போச்சி."

வரதன் வண்டியை எடுத்தான். மாமியாரும் மருமகளும் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து காத்திருந்தார்கள்.